மானாவாரிக் கரிசலுக்கு மக்காச்சோள ரகம் தேடிய அனுபவம்

பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசலில், வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிப் புரட்டாசியில் மக்காச்சோளம் விதைக்கும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஏக்கருக்கு நாற்பது மூட்டை உறுதி என்று விதைக்கடையில் சொன்னதை நம்பி, 115 நாள் வயதுடைய வீரிய ஒட்டு ரகம் ஒன்றை நான்கு ஏக்கரிலும் விதைத்தேன். கார்த்திகையில் மூன்று வாரம் மழை நின்றுபோனது. பயிர் காய்ந்துவிடவில்லை; தட்டை ஆளுயரத்துக்கு மேல் நின்றது. ஆனால் கதிரை உரித்தால், பல் விழுந்த வாயைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணிகள் இருந்தன.

காரணத்தை வேளாண் அலுவலர் ஒருவர் வயலில் வைத்தே விளக்கினார். மக்காச்சோளம் வறட்சிக்கு மிகவும் அஞ்சுவது பூக்கும் தருணத்துக்குச் சற்று முன்னும் பின்னும்தான். அப்போது ஈரம் குறைந்தால், உச்சியிலுள்ள ஆண்பூ ஏறக்குறைய உரிய நாளில் மகரந்தத்தைக் கொட்டிவிட, கதிரின் நுனியில் நூலாக நீளும், மகரந்தத்தை ஏற்கும் பட்டிழைகள் மட்டும் பிந்தி வெளிவருவதால் மணி பிடிப்பதில்லை. வறட்சியிலும் இந்த இடைவெளி விரியாத ரகமே நமக்கு வேண்டியது என்றார். விதைப்பையில் விளைச்சலைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே தவிர, இந்த இடைவெளியை எந்தப் பையிலும் நான் கண்டதில்லை.

ஆகவே மறு ஆண்டு அரை ஏக்கரை ஒதுக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6 ரகத்தையும் தனியார் ரகங்கள் இரண்டையும், வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்ற ஒரே அளவில் அடுத்தடுத்த பட்டைகளாக ஒரே நாளில் விதைத்தேன். பட்டைக்குப் பத்துச் செடிகளில் வண்ண நூல் கட்டி, பூக்கும் பருவத்தில் தினமும் காலையில் போய், மகரந்தம் உதிரத் தொடங்கிய நாளையும் பட்டிழை தோன்றிய நாளையும் பேரனின் பழைய நோட்டில் குறித்து வந்தேன். பயிரைத் தின்னும் படைப்புழுவுக்குச் செய்த மருந்துச் செலவு மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஆண்டும் மழை இடையில் ஏய்த்தது. பக்கத்து இறவைத் தோட்டத்தில் பெருங்கதிர் விட்டிருந்த தனியார் ரகத்துக்கு என் நிலத்தில் ஐந்து நாள் இடைவெளி விழுந்தது. நூறு நாளுக்குள் முற்றும் மற்றொன்றுக்கு இரண்டு நாளைத் தாண்டவில்லை, மணி பால்பிடிக்கும்போதும் அதன் அடியிலைகள் பச்சையாகவே இருந்தன. கோ 6 இரண்டுக்கும் இடையில் நின்றது.

நல்ல மழை பெய்தால் அந்தக் குறுகிய கால ரகம் ஏக்கருக்கு மூன்று, நான்கு மூட்டை குறைவாகத்தான் தரும் என்று தெரிந்தே, மூன்று ஏக்கரில் அதை விதைக்கிறேன். எஞ்சிய ஒரு ஏக்கரில் கோ 6 போகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் பூத்துவிடக் கூடாது என்பதற்காக, கோ 6-ஐப் பத்து நாள் பிந்தி விதைக்கிறேன்.