அமைப்பின் சட்டமும் இரண்டு ஆண்களும்: டார்க் ரொமான்ஸ் பிரதிகளைத் திருத்தும் வேலை

ஆங்கிலத்தில் எம்.எம். ரொமான்ஸ் என்று சொல்லப்படும் ஆண்–ஆண் காதல் நாவல்களில், குற்றமும் வன்முறையும் சூழ்ந்த ‘டார்க்’ வகைக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. மாஃபியா, ஜப்பானின் யாகுசா, ரஷ்யக் குற்றக் குழு, கூலிக் கொலையாளிகளின் சங்கம், பணக்காரக் கல்லூரிக்குள் இயங்கும் ரகசியக் கழகம் என்று ஏதோ ஓர் அமைப்பு அதில் இருந்தே தீரும். பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளர். எடிட்டர், அட்டை போடுபவர், மெய்ப்புப் பார்ப்பவர் எல்லோரும் புத்தகத்துக்குப் புத்தகம் அமர்த்தப்படுகிறவர்கள். இந்தப் பிரதிகளோடு புழங்குகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒன்று பிடிபட்டுவிடும். காதல் காட்சி சப்பென்று இருக்கிறது என்று, வெளியீட்டுக்கு முன்பே படித்துக் கருத்துச் சொல்லும் பீட்டா வாசகர்கள் சொன்னால், கோளாறு அந்தக் காட்சியில் இருப்பது அபூர்வம். அறுபது பக்கம் முன்னால், அமைப்பின் சட்டத்தை எழுத்தாளர் சரியாக ஊன்றாமல் விட்ட இடத்தில் இருக்கும்.

மென்மைக்கு விலை உண்டு என்பதுதான் இந்த வகையில் வாசகரைப் பிடித்துவைக்கிறது. ஆள் அனுப்பித் தீர்த்துக்கட்டும் ஒருவன் இன்னொருவனின் காயத்தைத் துடைத்துக் கட்டுப் போடுகிறான். அதை வெளியே யாராவது பார்த்தால் அவனுக்கு என்ன ஆகும் என்பது வாசகருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் முதலுதவி.

ஆகவே முதல் வாசிப்பில் எதையும் குறிக்காமல் முழுவதும் படிப்பது. இரண்டாவதில் முதல் வேலையாக அமைப்பின் சட்டத் தாளைத் தயாரிப்பது. ஒரு பக்கம் போதும். உள்ளே வருவது எப்படி, வெளியேற வழி உண்டா, யார் யாருக்குக் கட்டளையிடலாம், பணம் எந்த வழியாக மேலே போகிறது, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, அதை நிறைவேற்றுவது யார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது வாசகருக்கு முதலில் தெரியவரும் அத்தியாய எண்ணைப் போட வேண்டும். எண் போட முடியவில்லை என்றால் அந்தச் சட்டம் எழுத்தாளரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அநேகமாகத் தண்டனைக் கட்டம்தான் காலியாகக் கிடக்கும். “நம் உலகத்தில் துரோகத்துக்கு மன்னிப்பில்லை” என்று மூன்று பேர் வசனம் பேசியிருப்பார்கள். தண்டிக்கப்பட்டவன் ஒருவனைக்கூட நாம் பார்த்திருக்க மாட்டோம். முதல் கால் பகுதி முடிவதற்குள் ஒரு சிறு பாத்திரம், பெயரோடும் ஒரு நல்ல குணத்தோடும் வந்து, அந்தச் சட்டத்துக்குப் பலியாக வேண்டும். இதை எழுதச் சொன்னால் பல எழுத்தாளர்கள் தயங்குவார்கள். நாயகன் கையால் அது நடந்துவிட்டால் வாசகர்கள் அவனை வெறுத்துவிடுவார்களோ என்ற பயம். டார்க் என்று அட்டையில் போட்டுவிட்டு இப்படிப் பயந்தால் வேலைக்காகாது.

சட்டங்களுக்குக் கற்பனையைக் கசக்க வேண்டியதில்லை, உண்மையிலேயே கிடைக்கின்றன. 2007 நவம்பர் 5 அன்று பலெர்மோ அருகே சிசிலிய மாஃபியாத் தலைவர் சால்வதோரே லோ பிக்கோலோ பிடிபட்டபோது, தட்டச்சு செய்த பத்து விதிகள் கொண்ட தாள் ஒன்று கிடைத்தது. முதல் விதி: நம் ஆட்களில் ஒருவரிடம் யாரும் தானாகப் போய் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது, மூன்றாவது ஆள் ஒருவர்தான் அறிமுகப்படுத்த வேண்டும். இன்னொன்று: மனைவி பிரசவ வலியில் இருந்தாலும் அழைத்தால் வந்தாக வேண்டும். காதல் நாவல் எழுதுகிறவருக்கு இவை இரண்டுமே புதையல். ஒரே அமைப்பைச் சேர்ந்த இருவர் ஒருவரையொருவர் அறியாமலே பல மாதம் பழக, முதல் விதி இடம் கொடுக்கிறது. அறிமுகப்படுத்தும் அந்த மூன்றாவது ஆள் யார் என்பதே ஒரு முடிச்சு. படுக்கையோரம் அதிரும் கைபேசியை எடுக்காமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை அந்தப் பிரசவ விதி சொல்லிவிடுகிறது. அந்த ஒரு தவறிய அழைப்பை வைத்தே நாவலின் பிற்பாதியை ஓட்டலாம்.

எந்த அமைப்பு என்பதைக் கலக்காமல் வைத்துக்கொள்வது அடுத்தது. ரஷ்யக் குழுவுக்குள், இத்தாலிய மாஃபியாவின் ஆலோசகரான ‘கான்சிலியேரே’ உட்கார்ந்திருக்கும் பிரதிகள் நிறைய வரும். சிசிலியில் பத்துப் பேருக்கு ஒரு தலைவன், அவனுக்கு மேலே குடும்பத் தலைவன் என்று அடுக்கு உண்டு. தென் இத்தாலியில் கலாப்ரியாவின் குற்ற அமைப்பான இந்த்ரங்கெத்தா ரத்த உறவின் மேல் கட்டப்பட்டது. இரு குடும்பங்களுக்கு இடையே சம்பந்தம் பேசி முடிக்கும் கதை அங்கேதான் இயல்பாக உட்காரும். வாரிசுச் சிக்கலும் அங்கேதான் கனமாக இருக்கும், ஏனென்றால் மகன் திருமணம் செய்துகொள்ளாவிட்டால் அது குடும்பத்தின் தொழில் நஷ்டம். நேப்பிள்ஸின் கமோரா தனித்தனிக் கும்பல்களாகச் சிதறிக்கிடப்பது. எல்லோருக்கும் மேலே ஒரே அரசன் என்று எழுதினால் இடறும். ரஷ்யாவில் ‘வோர்’ எனப்படும் தொழில்முறைக் குற்றவாளிகளின் பழைய மரபில் திருமணமே தடை. பச்சைகுத்தல் ஒவ்வொன்றும் ஒரு பதவிச் சான்று, தகுதியில்லாமல் குத்திக்கொண்டால் தண்டனை. அந்நாட்டுச் சிறைகளில் ஆணோடு உறவுகொண்டவன் என்று முத்திரை குத்தப்பட்டவன் தொடத்தகாதவனாக ஒதுக்கப்படுவான். அவன் பாத்திரத்தில் மற்றவர்கள் சாப்பிட மாட்டார்கள். இந்தப் பின்னணியில் எழுதுகிறவர் இதை அறிந்திருந்தால், இருவர் ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கும் காட்சியே உச்சக்காட்சியாகிவிடும். அறியாதவர்கள் அதே இடத்தில் துப்பாக்கிச் சண்டை வைப்பார்கள்.

யாகுசா கதைகளில் வேறொரு கோளாறு. அதை முழு ரகசியச் சங்கமாக எழுதுவார்கள். உண்மையில் பெரிய குழுக்கள் பெயர்ப்பலகை வைத்த அலுவலகத்தோடு இருந்தவை. 1992இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் இன்னின்ன குழுக்கள் என்று அரசே அறிவிக்கிறது. ரகசியம் அமைப்பில் இல்லை, அதன் வேலைகளில் இருக்கிறது. சாக்கே என்ற அரிசி மதுக் கிண்ணம் மாற்றிக்கொண்டு ‘ஓயாபுன்–கோபுன்’ என்ற தலைவன்–தொண்டன் உறவு ஏற்கும் சடங்கைப் பலரும் அழகாக எழுதிவிடுகிறார்கள். பிழைக்குத் தண்டனையாகச் சுண்டுவிரல் நுனியை வெட்டும் வழக்கத்தில்தான் தொடர்ச்சி போய்விடும். ஒன்பதாம் அத்தியாயத்தில் இடது சுண்டுவிரல் நுனியைக் கொடுத்தவன் முப்பதாம் அத்தியாயத்தில் காதலனுக்குப் பியானோ வாசித்துக் காட்டுவான், பிசிறில்லாமல்.

இந்த அச்சுறுத்தலெல்லாம் மிகையோ என்று கேட்பவர்களுக்கு நியூ ஜெர்சியின் தெகாவல்கான்தே மாஃபியாக் குடும்பத்தின் கதை இருக்கிறது. அதன் தற்காலிகத் தலைவராக இருந்த ஜான் தமாத்தோ 1992இல் கொல்லப்பட்டார். அவருக்கு ஆண்களோடு உறவு இருந்தது என்ற பேச்சுதான் காரணம் என்று, கொலையில் பங்கெடுத்தவரே 2003இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். இதன் மறுபக்கமும் உண்டு. 1960களில் நியூயார்க்கில் ஒருபாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கடைகளுக்கு உரிமம் கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால் அந்தத் தொழிலே மாஃபியா கைக்குப் போனது. 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் நுழைந்து கலவரம் வெடித்த ஸ்டோன்வால் இன், ஜெனோவிஸ் குடும்பத் தொடர்புள்ளவர்கள் நடத்திய கடைதான். உரிமம் இல்லை, போலீசுக்கு மாமூல் போனது, மதுவில் தண்ணீர் கலந்தது. தன்னை வெறுக்கும் அமைப்பே தனக்கு ஒதுங்க இடமும் கொடுத்துக் காசும் பறிக்கிறது என்ற இந்த நிலை, இதுவரை எழுதப்பட்ட எத்தனையோ கற்பனைக் கழகங்களைவிடக் கெட்டியான கதைக்களம். ஏனோ இதைத் தொடுகிறவர்கள் குறைவு.

பிறகு காட்சி அட்டவணை. விரிதாளில் வரிசைக்கு ஒரு காட்சி: யார் கண் வழியாக, எந்த நாள், எங்கே, யார் கையில் அதிகாரம், யாருக்கு எந்த ரகசியம் தெரியும், உடம்பில் என்ன காயம். அதிகாரக் கட்டத்தில் தொடர்ந்து ஐந்தாறு காட்சிக்கு ஒரே பெயர் வந்தால் அங்கே கதை நின்றுவிட்டது என்று அர்த்தம். காதல் நகர்வதென்றால் அந்தப் பெயர் மாற வேண்டும். கைதியாக வந்தவன் ஒரு சின்ன விஷயத்திலாவது மேலே வர வேண்டும்: கணக்கில் தெரியும் ஓட்டையை அவன்தான் கண்டுபிடிக்கிறான், அல்லது தூக்கமில்லாத தலைவன் அவன் இருக்கும் அறையில் மட்டும் தூங்குகிறான்.

சம்மதம் பற்றி எடிட்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கடத்தல், கடன், கட்டாயத் திருமணம் என்று தொடங்கும் கதையில் முதல் நாளிலிருந்தே சுத்தமான சம்மதம் கேட்பது வகையையே மறுப்பதாகும். ஆனால் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். கதவு உண்மையிலேயே திறந்து, வண்டிச் சாவியும் பணமும் கையில் இருந்து, வெளியே காவலும் இல்லாத ஒரு கட்டம் பிரதியில் எங்கே வருகிறது? அங்கே அவன் தங்குகிறானா, போய்விட்டுத் தானாகத் திரும்புகிறானா? நாவல் முழுவதிலும் அப்படி ஓரிடம் இல்லை என்றால் கடைசி அத்தியாயத்தின் “உன்னை நேசிக்கிறேன்” செல்லாது. போய்த் திரும்புவது, தங்குவதைவிட நன்றாக வேலை செய்கிறது. நாவலின் எழுபது எண்பது சதவீதத்தில் வரும் பிரிவுக்கும் அது பொருந்திவிடும். ஊரையே நடுங்கவைப்பவன் இவன் ஒருவனிடம் மட்டும் “தொடலாமா?” என்று கேட்பது வாசகர்கள் அடிக்கோடிடும் இடம். ஆனால் மூன்று முறை கேட்டுவிட்டால் அது பாணியாகிவிடும். இருவரின் வயதும் முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் தெளிவாக வந்துவிட வேண்டும். எச்சரிக்கைக் குறிப்பு முன்பக்கத்தில், பொதுச்சொற்களாக இல்லாமல் சித்திரவதை, தற்கொலை முயற்சி, சிறுவயதுக் கொடுமையின் நினைவு என்று பெயர் சொல்லி வர வேண்டும்.

வரித் திருத்தத்தில் தலைவலி, ஆங்கிலத்தில் இருவரும் ‘ஹி’ (அவன்) என்பதுதான். படர்க்கையில் எழுதினால் யார் கை யார் தோளில் என்று குழம்பும். பதறிப்போய் “உயரமானவன்”, “பொன்முடிக்காரன்” என்று எழுத ஆரம்பிப்பார்கள். நெருக்கமான காட்சியில் காதலனை முடிநிறத்தால் யாரும் நினைப்பதில்லை. இந்த வகையில் அத்தியாயத்துக்கு ஒருவராக மாறிமாறித் தன்மையில் எழுதும் வழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் வேறு ஆபத்து: இருவர் குரலும் ஒன்றாகிவிடும். அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கம் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காயங்களும் ஆயுதங்களும் மெய்ப்புக்கு முந்தைய தனிச் சுற்று. தோளில் பாய்ந்த குண்டு சும்மா விடாது. அங்கே பெரிய தமனியும் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் இருக்கின்றன. மறுநாள் அதே கையால் காதலனைத் தூக்கிச் சுமக்க முடியாது. காறை எலும்பு முறிந்தால் சேர ஆறு வாரமாவது ஆகும். தலையில் அடித்து மணிக்கணக்கில் மயக்கமாக்கினால் அது மூளைக்காயம், எழுந்ததும் நக்கல் பேசும் நிலை இருக்காது. குளோரோஃபார்ம் துணியை மூக்கில் வைத்த நொடியில் யாரும் சாய்வதில்லை, சில நிமிடம் ஆகும். வழக்கமான குளோக் கைத்துப்பாக்கியில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்பு விசை கிடையாது. ஆனாலும் பிரதிக்குப் பிரதி யாரோ அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். சைலன்சர் போட்டாலும் சத்தம் காதைத் துளைக்கும், பக்கத்து அறைக்காரர் எழுந்துவிடுவார்.

நடுப்பகுதி வீங்கிப்போவதற்குக் கடைக்கணக்கும் ஒரு காரணம். அமேசானின் மின்நூல் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட் 2014 ஜூலையில் வந்தது. 2015 ஜூலையிலிருந்து, படிக்கப்பட்ட பக்கத்துக்கு எழுத்தாளருக்குப் பணம் தருகிறது. மின்நூலை 90 நாள் வேறெங்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பக்கத்துக்குக் காசு என்றதும் 80,000 சொல்லில் முடிய வேண்டிய கதை 1,20,000க்கு நீளும். இடைச்செருகலாக வருவது பெரும்பாலும் மூன்றாவது கடத்தலும் இரண்டாவது துரோகியும். வெட்டச் சொல்வதைவிட, அந்த இடத்தில் இருவரும் எதிரியில்லாத ஒரு நாளைக் கழிக்கட்டும் என்று சொல்வது பலிக்கிறது. சமைப்பது, முடிவெட்டிவிடுவது, பழைய தழும்பின் கதை. பக்கமும் குறையாது, வாசகர் விலைகொடுத்து வாங்கியதும் அதைத்தான். வேலை நேரக் கணக்குக்கும் இந்த நீளம் முக்கியம்: 250 சொல்லை ஒரு பக்கமாக வைத்தால் 1,20,000 சொல் 480 பக்கம், மணிக்கு எட்டுப் பக்கம் என்றால் பிரதித் திருத்தம் மட்டுமே 60 மணி நேரம்.

முடிவு மகிழ்ச்சியாக இருந்தாக வேண்டும்; இருவரில் ஒருவர் இறந்தால் வாசகர்கள் அதை ரொமான்ஸ் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வழிகள் மூன்று: அரியணை ஏறுவது, அமைப்பை எரிப்பது, தப்பிப்பது. அரியணை ஏறினால், நேற்றுவரை இந்தக் காதலைக் கொல்லத் துணிந்தவர்கள் இன்று ஏன் தலைவணங்குகிறார்கள் என்பதற்குப் பணமோ பயமோ ஒரு காரணம் காட்ட வேண்டும். எரித்தால், மிச்சமிருப்பவர்கள் எங்கே போனார்கள் என்று கணக்கு வேண்டும்.

தப்பிப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் 1970 சட்டத்தின்படி வந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை மந்திரக்கோலாக வீசுவார்கள். சும்மா சேர முடியாது, அரசுக்குத் தேவையான சாட்சியம் கையில் இருக்க வேண்டும். புதிய பெயர், புதிய ஊர். பழைய உறவுகளோடு நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் முடிவுக்குப் பின் வரும் பின்கதையில் அம்மா கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கேக்கோடு வந்து நிற்பார். குடும்பத்தாரையும் திட்டத்தில் சேர்க்க வழி இருக்கிறது. அப்படியென்றால் அரசு வக்கீலோடு பேரம் பேசும் அத்தியாயத்திலேயே அம்மாவுக்கும் சேர்த்து ஒரு வரி விழ வேண்டும். அவர் வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால், விருந்து மேசையில் இருவர்தான்.