அப்பாவின் எண்ணும் மூன்று வாரமும்

வலையங்குளத்துக்குக் கிழக்கே ஒரு குறுக்கம் நிலத்தில் அப்பா மல்லி போட்டிருக்கிறார். விடியற்காலை மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூ எடுக்க இறங்குவார்கள். நாலரைக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து கமிஷன் கடைக்காரர் கூப்பிட்டு அன்றைய விலை எப்படிப் போகிறது என்று சொல்வார். எத்தனை ஆளை நிறுத்திக்கொள்வது, எந்த வண்டிக்குப் பூவைக் கட்டுவது என்பதெல்லாம் அந்த அழைப்பைப் பொறுத்தது. ஆறு மாதமாக அந்த அழைப்பு தோட்டத்துக்குள் வருவதே இல்லை. அப்பா வைத்திருந்த கம்பெனியின் 2ஜி சிக்னல் எங்கள் பக்கம் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் பம்ப்செட் அறையின் மாடியில் மட்டும் ஒரு கோடு நின்றது. எழுபது வயதில் இருட்டில் ஏணி ஏறி விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"புது எண் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் அப்பா" என்றேன். முறைத்தார். காரணம் இருக்கிறது. 2003-இல் 501 ரூபாய் கட்டினால் கைபேசி என்று ஊரே அலைந்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அது சி.டி.எம்.ஏ. வகை. அதில் சிம் என்று ஒன்றே கிடையாது. எண்ணைக் கருவிக்குள்ளேயே பதிந்து கொடுத்துவிடுவார்கள். ஐந்து வருடம் கழித்து சிம் போடும் ஜி.எஸ்.எம். போனுக்கு மாறியபோது கருவியோடு எண்ணும் போனது. அப்போது எண்ணை வைத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதி நாட்டிலேயே இல்லை. அது 2011 ஜனவரி 20-ஆம் தேதிதான் இந்தியா முழுவதற்கும் வந்தது. அப்பா பஸ் ஏறி, பூ வாங்குகிற ஒவ்வொருவரிடமும் போய்ப் புது எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேர் விட்டுப்போனார்கள், விட்டுப்போனவர்கள்தான். அதனால் அவர் விதித்தது ஒரே நிபந்தனை: எண் போகக் கூடாது.

மூன்றே நாளில் முடிய வேண்டிய வேலை எனக்கு மூன்று வாரம் பிடித்தது. எல்லாவற்றையும் தலைகீழாகத் தொடங்கியதுதான் காரணம்.

முதலில் போன். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் தான் பயன்படுத்திய ஐபோனைத் தாத்தாவுக்கென்று கொடுத்துவிட்டிருந்தான். அப்பா அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இதில் சிம் போட வாசலே இல்லையே?" என்றார். உண்மைதான். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டு கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். சரி, இ-சிம்மே போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், தவணை முடியாததால் போன் அந்த ஊர்க் கம்பெனியோடு பூட்டப்பட்டிருந்தது. அங்கே போனைச் சேவைக் கம்பெனியே தவணைக்குக் கொடுத்துத் தன் வலையில் பூட்டிவைப்பது வழக்கம். கருவியைக் கடையில் வாங்கி எந்த சிம்மையும் போட்டுக்கொள்ளும் நமக்கு இது புரிய நேரமாகிறது. அந்த ஐபோன் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். டவுன்ஹால் ரோட்டில் பழைய 4ஜி டச் போன் ஒன்றை வாங்கினேன். அப்பாவின் சிம் பழைய பெரிய அளவு. கடைப் பையன் கட்டர் ஒன்றில் வைத்து அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். தங்க நிறச் சில்லின் மூலை தட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கம்பெனியின் மையத்துக்குப் போய் அதே எண்ணில் வேறு சிம் வாங்கினேன். கை கால் உதறல் நின்றபின்தான் அப்பாவுக்குச் செய்தியைச் சொன்னேன்.

சிம் மாற்றினால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போகாது, வராது. மோசடிக்காரர்கள் நம் எண்ணில் சிம் வாங்கி வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண்ணைப் பிடித்துவிடாதபடி செய்த ஏற்பாடு. மறுநாள் மாலை, அதே எண்ணோடு கம்பெனி மாறக் குறியீடு கேட்டு, அப்பாவின் பட்டன் போனிலேயே ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்தேன். ஏழை ஒரு தட்டு, ஆறை மூன்று தட்டு, மறுபடி ஏழை மூன்று தட்டு, எட்டை ஒரு தட்டு. ஓர் இடம் விட்டு அப்பாவின் பத்து இலக்க எண். 1900-க்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: முடியாது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றி ஏழு நாள் ஆகாவிட்டால் போர்ட் குறியீடு தருவதில்லை என்பது விதி. விதி நியாயமானது. என் நிலைமைதான் பரிதாபம்.

அந்த ஏழு நாள் வீணாகவில்லை என்பதே எனக்குக் கிடைத்த ஒரே லாபம். நான் மாற நினைத்த கம்பெனிக்குக் கண்மாய்க் கரைப் பக்கம் இருக்கும் டவரின் சிக்னல் எங்கள் தோட்டத்துக்கு எட்டுகிறதா என்று பார்க்க, பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் அந்தக் கம்பெனியின் சிம்மை இரவல் வாங்கி நான் வாங்கிய பழைய போனில் போட்டேன். சாலையில் நான்கு கோடு. செடிகளுக்கு நடுவே போனால் ஒன்றுமில்லை. அதே சிம்மை அவன் போனில் போட்டால் தோட்டத்தின் கடைசி வரப்பு வரை இரண்டு கோடு நிற்கிறது. நான் சிம்மைக் குறை சொன்னேன், டவரைக் குறை சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு செயலியைத் திறந்து காட்டினான். அவன் போன் பிடித்திருந்தது பேண்ட் 5, அதாவது 850 மெகாஹெர்ட்ஸ்.

"அண்ணே, உங்கள் போனுக்கு இந்த அலைவரிசையே தெரியாது" என்றான். தேடிப் பார்த்தேன். 4ஜி வந்த புதிதில் இங்கே விற்ற போன்கள் பலவற்றில் 1800, 2300 ஆகிய இரண்டு மட்டுமே உண்டு. என்னுடையதும் அந்த ரகம். அந்த இரண்டும் டவருக்குப் பக்கத்தில் வேகமாக ஓடும். தூரம் போகப்போக, மரம் சுவர் குறுக்கே வரவர, மூச்சு வாங்கிவிடும். 850 நிதானமானது, தொலைவு போகும். பெட்டியில் 4ஜி என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிற நம் பழக்கத்தை போன் கம்பெனிகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவில் சி.டி.எம்.ஏ. ஓடியதும் இதே அலைவரிசையில்தான். அப்பாவின் எண்ணை விழுங்கிய அந்த 2003 போன் பேசிய அலைவரிசை, தொழில்நுட்பம் செத்து அடக்கமான பிறகு, 4ஜியாக அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் பழைய எண்ணையும் கேட்டுப் பார்" என்றார்.

டச் போனை நஷ்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கும் அது பிடிக்கவில்லை. பனியில் நனைந்த விரல் திரையில் வழுக்குகிறது என்றார். 4ஜி பட்டன் போன் ஒன்று தேடினேன். இங்கேயும் ஒரு பூட்டு உண்டு, கவனியுங்கள்: 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போன்ற சில மலிவு பட்டன் போன்களில் அந்தந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் ஓடும். அமெரிக்கப் பூட்டைப் பார்த்துச் சிரித்தவன் இதைக் கேட்டுக் கொஞ்சம் அடங்கினேன். எந்த சிம்மும் ஓடக்கூடியதாக, வோல்ட்இ உள்ளதாக, பேண்ட் 5 எழுதியிருப்பதாக ஒன்றைப் பார்த்து வாங்கினேன். வோல்ட்இ முக்கியம். 2ஜி, 3ஜி வைத்துக்கொள்ளாமல் 4ஜியிலேயே பேச்சையும் அனுப்பும் வலையில், வோல்ட்இ இல்லாத போனில் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது.

எட்டாம் நாள் குறியீடு வந்தது. எட்டு எழுத்து, நான்கு நாள் ஆயுள். அப்பாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஆதார் ரேகை விழவில்லை. ஐந்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். நாற்பது வருடம் மண்ணிலும் பூவிலும் புழங்கிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? முகத்தைப் படம் எடுத்துச் செய்யலாம் என்றார் கடைப் பெண். துண்டை எடுங்கள், நேராகப் பாருங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள். அப்பா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி அப்படியே நின்றார். "திறக்கவும் வேண்டும் அய்யா" என்றார் அந்தப் பெண். கடவுஎண் என் போனுக்கு வந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஒரு வயிற்றெரிச்சலையும் எழுதிவிடுகிறேன். பத்து நாள் முன்புதான் பழைய கம்பெனியில் 84 நாள் ரீசார்ஜ் போட்டிருந்தேன். போர்ட் ஆனால் மிச்சமெல்லாம் போய்விடும். முதலில் போர்ட், பிறகு ரீசார்ஜ்.

ஒரே தொலைபேசி வட்டத்துக்குள் கம்பெனி மாற மூன்று வேலை நாள். ஞாயிறு கணக்கில் சேராது. அந்த மூன்று நாளும் பழைய சிம்மே ஓடும் என்பதால் அப்பா ஏணியை விடவில்லை. மூன்றாம் இரவு செய்தி வந்தது, இன்று இரவு மாறும், சில மணி நேரம் சேவை இருக்காது என்று. மறுநாள் முகூர்த்தம். இதை நான் நாட்காட்டியில் பார்த்திருக்க வேண்டும். அப்பா இரண்டு போனையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி வாக்கில் பழையதில் கோடு அணைந்தது. புதியதில் ஒன்றும் வரவில்லை. இரண்டேகாலுக்கு அதை அணைத்துப் போட்டேன், மூன்று கோடு வந்து நின்றது. அதன் பிறகு இருவரும் படுக்கவில்லை, தோட்டத்துக்கே போய்விட்டோம்.

நாலரைக்கு, மூன்றாவது வரிசைச் செடிக்கு நடுவே, போன் அடித்தது. அப்பா பூக்கூடையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு எடுத்தார்.

"யார் பேசுவது?"

மறுமுனையில் சொன்னார்கள். அப்பா மறுபடியும் கேட்டார், "யார்?" பழைய 2ஜி அழைப்பு 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள குரலையெல்லாம் வெட்டிவிடும், இதில் 7000 வரை வரும். பதினாறு வருடமாகத் தகர டப்பாவுக்குள் கேட்டுப் பழகிய கமிஷன் கடைக்காரரின் உண்மையான குரலை அப்பா அன்றைக்குத்தான் போனில் கேட்கிறார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வேறு யாரோ அவர் பேரைச் சொல்லிப் பேசுகிறார்கள்."

விலையை இரண்டு முறை சொல்லவைத்து, அவர் மகள் கல்யாணத்துக்குப் பூ அனுப்பிய வருடத்தையும் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் வண்டிக்குச் சொல்லச் சொன்னார்.