மஸ்கட்டீன் சிப்பியில் ஆறு பட்டன்: இதுவரை நான்கு

மகனுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை இரண்டு மாதமாகப் பட்டன் இல்லாமல் அலமாரியில் தொங்குகிறது. நல்ல லினன் துணி. அதில் பிளாஸ்டிக் பட்டன் வைக்க மனம் வரவில்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மொலின் ஊரிலிருந்து மிசிசிப்பி ஆற்றோரமாக முக்கால் மணி நேரம் காரில் போனால் மஸ்கட்டீன். உலகத்துச் சட்டைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் பட்டன் வெட்டிக் கொடுத்த அயோவா மாநிலத்து ஊர். அந்த ஊர்ச் சிப்பியிலிருந்து என் கையாலேயே ஆறு பட்டன் வெட்டுவது என்று மார்ச் மாதம் ஆரம்பித்தேன்.

முதலில் சிப்பி. ஆற்றில் இறங்கிப் பொறுக்கவில்லை. மிசிசிப்பியின் மட்டி இனங்களில் பல இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன; அவற்றின் செத்த ஓட்டைக்கூட எடுத்து வரக் கூடாது. பழம்பொருள் கடை ஒன்றில், பட்டன் ஆலைக் காலத்து மிச்சமாகச் சில ஓடுகள் கிடைத்தன. ஐந்து ஓடுகள் ஏற்கெனவே வெட்டப்பட்டவை. வட்ட வட்டமாக ஓட்டை விழுந்து, பணியாரச் சட்டி மாதிரி இருந்தன. மூன்று மட்டும் முழுசு. உள்ளங்கை அகலம், கீல் பக்கம் நல்ல கனம். வெளியே கறுத்த தோல், உள்ளே பால் வெள்ளை.

இப்படி வெட்டி எறிந்த ஓடுகள் மஸ்கட்டீனில் மலைமலையாகக் குவிந்தன. பாதைக்கும் பள்ளத்துக்கும் அவற்றைக் கொட்டி நிரப்பினார்கள். இன்றும் தோட்டத்தைக் கொத்தினால் ஓட்டை போட்ட சிப்பி வரும்.

டிரில் பிரஸ் வீட்டில் இருந்தது. வைரத்தூள் பூசிய வளைய ரம்பம் ஒன்று வாங்கினேன். முதல் ஓட்டைக் காய்ந்தபடியே வெட்டப் பார்த்தேன். பாதியில் முடி கருகுகிற நாற்றம் வந்தது. ஓட்டின் சுண்ணாம்பு அடுக்குகளை ஒட்டிப் பிடிக்கும் புரதம் சூட்டில் கருகியிருக்கிறது. அடுத்த நொடியே ஓடு இரண்டாகப் பிளந்தது. அப்புறம்தான் ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். ஓடுகளை ஒரு வாரம் பீப்பாய்த் தண்ணீரில் ஊறப் போட்டு, வெட்டும்போதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நானும் வாளியில் ஒரு வாரம் ஊற வைத்தேன். இரண்டாவது ஓடு சோப்பை அறுப்பது போல இல்லாவிட்டாலும், முரண்டு பிடிக்காமல் வெட்டுப்பட்டது.

முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தண்ணீர் விட்டு வெட்டினாலும் வெள்ளைச் சேறு தெறிக்கிறது. காய்ந்தால் அது மாவுத்தூள். அந்த ஆலைகளில் நாள் முழுக்க நின்றவர்களுக்குக் கண்ணும் நுரையீரலும் கெட்டதில் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தொழிலை ஊருக்குக் கொண்டு வந்தவர் ஜான் பெப்பிள். ஹாம்பர்க் பக்கத்திலிருந்து வந்த ஜெர்மானியப் பட்டன் தொழிலாளி. 1887-இல் அமெரிக்கா வந்தார். அவருடைய மூலதனம் கைத்தொழிலும், நல்ல சிப்பி கிடைக்கும் ஆறு இந்த நாட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கையும்தான். ஓர் ஆற்றில் குளிக்கும்போது காலில் குத்திய சிப்பிதான் அவருக்கு வழி காட்டியது என்று சொல்வார்கள். 1890-இல் வெளிநாட்டுப் பட்டனுக்கு அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியது. மறு வருடமே அவர் மஸ்கட்டீனில் பட்டன் வெட்ட ஆரம்பித்துவிட்டார். 1905-இல் அந்த ஊர் ஒரே வருடத்தில் 150 கோடி பட்டன் செய்தது. உலக உற்பத்தியில் 37 சதவீதம். ஊரில் இருந்ததோ சுமார் 15,000 பேர். கைக்குழந்தை உட்பட தலைக்கு ஒரு லட்சம் பட்டன்! ஒன்றை வெட்ட நான் பட்ட பாட்டுக்கு அப்புறம் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சிக்கல் அளவு. பட்டனை 'லைன்' கணக்கில் அளப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு 40 லைன். எனக்கு வேண்டியது 24 லைன், அதாவது சுமார் 15 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் ரம்பம் வாங்கினேன். அது வெளி விட்டம்! உள்ளே இருந்து வரும் வில்லை 13-தான் இருந்தது. சட்டையில் பட்டன் நுழையும் துளைகளை ஏற்கெனவே தைத்துவிட்டேன், எனவே 17 மில்லிமீட்டர் ரம்பம் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. நீங்கள் செய்வதானால் உள் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.

வில்லையை வெட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்தேன். அதுதான் தொடக்கம். பின்பக்கக் கறுப்புத் தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஓட்டின் வளைவு போய்த் தட்டையாக வேண்டும். நடுவில் குழிவு, இரண்டு துளை, கடைசியில் மெருகு. உப்புத்தாளை 400-இல் தொடங்கி 3000 வரை, எல்லாம் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். மஸ்கட்டீனில் இதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள், பிறகு தனித்தனி இயந்திரங்கள். வெட்டுவது பெரும்பாலும் ஆண்கள். முகப்புச் செதுக்கி, துளையிட்டு, தரம் பிரித்தது பெண்கள்.

கூலி குரோஸ் கணக்கில், அதாவது 144 பட்டனுக்கு இவ்வளவு என்று. எண்ணிக்கையில் ஏமாற்றுகிறார்கள் என்பது தொழிலாளிகளின் பெரிய குறை. 1911-இல் சங்கம் சேர்ந்தபோது ஆலைகள் கதவடைத்தன. ஆளுநர் படையை அனுப்பினார். போராட்டம் மறு வருடமும் தொடர்ந்தது. அதில் முன்னால் நின்று பேசியவர்களில் ஒருவர் பேர்ல் மெக்கில். பட்டன் ஆலையில் வேலை செய்த பெண், வயது பதினாறு பதினேழுதான். நம் ஊரில் பிறந்திருந்தால் முத்து என்று கூப்பிட்டிருப்போம். நான் வெட்டிய வில்லைகளில் மூன்றில் ஒன்று உடைந்தது. உடைந்ததற்கும் கூலி கேட்டு நிற்கும் பெண்ணாக என்னை நினைத்துப் பார்த்தேன். அவள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஆலையோடு இது முடியவில்லை. பட்டனை அட்டையில் தைக்கும் வேலை வீடுகளுக்கு வந்தது. அம்மாவும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து வந்திருக்கும் அத்தையிடம் இதைச் சொன்னேன். "கொண்டா, தைச்சுப் பாப்போம்" என்று ஊசியை எடுத்துவிட்டார். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் பட்டன்களை வைத்து, அட்டைக்குப் பன்னிரண்டு. ஏழு நிமிடம் ஆனது. ஒரு குரோஸுக்கு 12 அட்டை. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்.

"நெல்லிக்கா விதை எடுக்குற மாதிரிதான்மா. கை பழகிரும், கழுத்துதான் தாங்காது," என்றார்.

"பிள்ளைங்களும் தைச்சாங்களாம் அத்தை."

"பாவம்," என்று நூலைக் கடித்தார்.

சென்ற ஞாயிறு எல்லோருமாகப் போய் வந்தோம். மஸ்கட்டீன் கடைவீதியில் முத்துச்சிப்பிப் பட்டனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆற்றங்கரையில் சிப்பி அள்ளுகிறவரின் சிலை. வழியில் ஃபேர்போர்ட் மீன் பண்ணையையும் பார்த்தோம். ஆற்றில் சிப்பி தீர்ந்துவருகிறது என்று புரிந்ததும், மட்டி வளர்க்கும் வழி தேட அரசு அங்கே 1908-இல் ஓர் ஆய்வு நிலையத்துக்கு ஏற்பாடு செய்தது. மட்டிக் குஞ்சு கொஞ்ச நாள் மீனின் செவுளில் ஒட்டி வாழ்ந்தால்தான் பிழைக்கும். அணை கட்டி அந்த மீனின் பாதையை மறித்தால் மட்டியும் போச்சு. பெப்பிள் கடைசிக் காலத்தில் இந்த நிலையத்துக்காகத்தான் வேலை செய்தார். ஆற்றில் சிப்பி காலைக் கிழித்து, புண் சீழ்ப்பிடித்து, 1912-இல் இறந்தார். பிளாஸ்டிக் வந்தபிறகு சிப்பி பட்டன் மெல்ல மெல்ல நின்றது.

நான்கு பட்டன் தைத்தாயிற்று. சாய்த்துப் பிடித்தால் ஒன்றில் இளஞ்சிவப்பு, ஒன்றில் லேசான பச்சை. அத்தை தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு" என்றார். ஐந்தாவதில் துளையிடும்போது அடிப்பக்கம் பெயர்ந்துவிட்டது. கீழே மரத்துண்டு வைக்க மறந்திருந்தேன். மூன்றாவது ஓட்டில் கீலை ஒட்டி இன்னும் இரண்டு வில்லைக்கு இடம் இருக்கிறது. வாளியில் போட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வெட்ட வேண்டும்.