எங்கள் ஊரில் இரண்டு சுடுகாடு

சமூகவியல் பாடத்திட்டத்தைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்கள் என்பது என் பழைய புகார். எம்.ஏ. முடித்து வெளியே வந்தும் ஆறவில்லை. முதல் செமஸ்டரில் காம்ட், ஸ்பென்சர், துர்க்கைம், வெபர், மார்க்ஸ் என்று ஐரோப்பியச் சிந்தனையாளர்கள். (காம்ட்டைத் தவிர எல்லோருக்கும் தாடியோ கிருதாவோ உண்டு. எங்கள் வகுப்பில் ஆளை அடையாளம் வைத்துக்கொண்டதே அப்படித்தான்.) அப்புறம் இந்தியச் சமூகம், கிராமம், சாதி. கடைசி செமஸ்டரில், பாதிப் பேருக்கு மனசு கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்விலும் மீதிப் பேருக்கு வீட்டில் பார்க்கும் வரனிலும் இருக்கிற நேரத்தில், களப்பணி. இதைத் திருப்பிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நான் இளங்கலையில் படித்தது இயற்பியல், தஞ்சாவூரில். சென்னையில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பென்று பிடிபடவில்லை. "சோசியல் ஒர்க்கா?" என்றார் மாமா. இல்லை என்றேன். "அப்போ பத்தாவது வரைக்கும் படிப்போமே சோசியல், அதுவா?" அதுவும் இல்லை. "கல்யாணம் காட்சி, சாதி சனம், ஊரு வழக்கம், இதையெல்லாம் படிக்கிறதா? அதான் எங்களுக்கே தெரியுமே" என்று அத்தை பேச்சை முடித்துவைத்தார். இந்தப் படிப்பைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே பதில் சொல்லக் கஷ்டமானது இன்றுவரை அதுதான்.

வகுப்பில் முன் வரிசை முழுக்க யூ.பி.எஸ்.சி. கூட்டம். மெயின்ஸில் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். அந்த 500க்காக எம்.ஏ.வையே கோச்சிங் சென்டராக்கி வந்தவர்கள். அடுத்த பெஞ்சில் இரண்டு கன்னியாஸ்திரிகள், எந்த அசைன்மென்டானாலும் முதல் ஆளாகக் கொடுத்துவிடுவார்கள். கடைசி வரிசையில், கேட்ட பாடம் கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவர்கள். நான் நடுவில் எங்கேயோ.

முதல் செமஸ்டர் முழுக்க நோட்ஸ். வரையறை, இயல்புகள், வகைகள், விமர்சனம்: எப்பேர்ப்பட்ட சிந்தனையாளரும் இந்த நாலு தலைப்புக்குள் அடங்கியாக வேண்டும். சார் சொல்லச் சொல்ல எழுதுவோம். 'கமா' என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்வார். 1897இல் துர்க்கைம் தற்கொலையைப் பற்றி எழுதிய நூல் எங்களுக்கு 'நான்கு வகைகள், ஐந்து மார்க்'. அதற்குள் வேறு ஏதாவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை, நூலகத்தில் ஒருநாள் புரட்டிப் பார்க்கிற வரைக்கும்.

அரசு அட்டவணைகளில் 'தற்கொலைக்கான காரணம்' என்று எழுதியிருப்பதை துர்க்கைம் நம்பவே இல்லை. அது இறந்தவரின் காரணம் அல்ல, பதிவு செய்த அதிகாரி எதைக் காரணம் என்று நினைத்தாரோ அதன் கணக்கு என்கிறார். படித்ததும் எனக்கு நம் நாளிதழ்கள் ஞாபகம் வந்தன. 'தீராத வயிற்றுவலியால்' என்று சிறுவயதிலிருந்து எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் குடும்பப் பிரச்சினை முதலில், நோய் அடுத்து என்றுதான் வரும். வகுப்பில் இதைக் கேட்டேன். எங்களோடு படித்த ஒருத்தியின் அப்பா போலீஸில் ஏட்டு. "வீட்டுக்காரங்க என்ன எழுதச் சொல்றாங்களோ அதைத்தான் எழுதுவோம்னு அப்பா சொல்வாரு. பொண்ணு செத்த வீட்ல வேற எதையாவது எழுதினா இருக்கிற தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராதாம்" என்றாள். சார் நோட்டை மூடினார். அந்த மணி நேரம் முழுக்க அதே பேச்சு. முன் வரிசைகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. மறுநாள் வெபர் வந்தார், கமாவோடு.

அந்த ஒரு மணி நேரம் போல ஏன் தினமும் இருக்கக் கூடாது என்ற எரிச்சலில்தான் என் புகார் பிறந்தது. இரண்டாம் செமஸ்டரில் கிராமியச் சமூகவியல் எடுக்க ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்தார். நோட்ஸ் தரவில்லை. "அவங்கவங்க ஊரை வரைஞ்சிட்டு வாங்க. தெரு, கோயில், தண்ணித் தொட்டி, ரேஷன் கடை, பஸ் நிக்கிற இடம், சுடுகாடு. ஸ்கேல் வேண்டாம், திசை சரியா இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் அசைன்மென்ட், இன்டர்னலில் பத்து மார்க்.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். சார்ட் பேப்பரை ஹாஸ்டல் தரையில் விரித்துப்போட்டு வரைந்தேன். ஆற்றை முதலில் போட்டேன், பிறகு பெருமாள் கோயில், அதை ஒட்டி அக்கிரகாரம். அங்கே இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கிழக்கே மேலத்தெரு, நடுத்தெரு. அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி, காலனி. வரைய வரைய ஒன்று தெரிந்தது: காலனிக்குப் போகிற சாலையை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர உள்ளே தெரு எத்தனை என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. அப்பா, "ரெண்டோ மூணோ இருக்கும், எதுக்குக் கேக்குற?" என்றார். இருபத்திரண்டு வருடம் இருந்த ஊர்.

வகுப்பில் வரைபடங்களைச் சுவரில் ஒட்டினோம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் என்னுடையதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு ரெண்டு சுடுகாடு?" என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மேடம் பதில் சொல்லாமல் மற்ற வரைபடங்களைக் காட்டினார். தர்மபுரி, சிவகங்கை, கடலூர் என்று எங்கிருந்து வந்திருந்தாலும் அதில் இரண்டு இருந்தது. சிலதில் மூன்று. எங்கள் அத்தை உட்பட எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் வரிசையாக ஒரே சுவரில் யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வரைபடத்தில் மட்டும் சுடுகாடே இல்லை, தெருவும் இல்லை. நெடுஞ்சாலை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஏரி. அது என் ரூம்மேட் வரைந்தது. மேடம் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை, எல்லோருக்கும் போட்ட மார்க்கையே போட்டார். ராத்திரி ரூமில் அவள் சொன்னாள்: "நீ தெருப் பேரை எழுதிட்டே. உனக்கு எழுதலாம். நான் எழுதினா நாளைக்கு யார் யார் என் தட்டுல இருந்து எடுத்துச் சாப்பிடறாங்கன்னு பாத்துக்கிட்டு உக்காரணும்." அவள் டிகிரி படித்த இடத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த செமஸ்டரில்தான் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயைப் படித்தேன். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்து எழுதி, 1965இல் வெளியிட்ட நூல். சாதியும் நிலமும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த காலம் போய் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து போவதைக் காட்டியிருப்பார். பஞ்சாயத்து அக்கிரகாரத்தின் கையை விட்டு நழுவிவிட்டது, நிலம் மெதுவாகத்தான் நழுவுகிறது. அதைப் படிக்கும்போது எங்கள் ஊர்ப் பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. நூலைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் அங்கே இருந்த விதம். தங்கியது அக்கிரகாரத்தில். ஊர் அவரை பிராமணராகவே வைத்துக்கொண்டது. அதனால் சேரிக்குள் போய்ப் பழகுவது அவருக்கு எளிதாக இல்லை, அதை அவரே எழுதியிருக்கிறார். வங்காளத்திலிருந்து வந்த, அப்பா வழியில் பிரெஞ்சுக்காரரான ஒருவருக்கே எங்கள் பக்கத்தில் ஒரு தெருவில்தான் இடம். நான் எங்கே போய் வாய்க்காலைத் தாண்டியிருக்கப் போகிறேன்?

சொந்த ஊரை மாணவர்களே ஆராய்வது என்பதும் இங்கே புதிதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, வடமலாபுரம், கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி எல்லாம் 1918இல் புத்தகமாக வந்தன. 1930களில் வேறு ஆட்கள் திரும்பப் போய் அதே ஊர்களை எடுத்தார்கள், அப்புறமும் போனார்கள். நூறு வருடமாக ஓர் ஊரின் கூலியையும் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு வித்து மாணவர்களின் அசைன்மென்ட்.

அதே 1916, மே 9. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதி எப்படி உருவானது என்று கட்டுரை வாசித்தார். அகமணம், அதாவது சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வதுதான் சாதியின் உயிர்நாடி, சதியும் விதவைக் கோலமும் குழந்தைத் திருமணமும் அகமணத்தைக் கட்டிக்காக்கச் செய்துகொண்ட ஏற்பாடுகள் என்பது அம்பேத்கரின் வாதம். எனக்கு வீட்டில் ஜாதகம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். மேட்ரிமோனியல் தளத்தில் அப்பா நிரப்பியிருந்த என் விவரத்தைத் திறந்து பார்த்தேன். உட்பிரிவு என்று ஒரு கட்டம், அதில் 'கட்டாயம்' என்று டிக். ஐந்து மார்க் கேள்வியில் வரவேண்டிய விஷயமா இது?

கடைசி செமஸ்டர் களப்பணிக்கு நான் போனது சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரைகளிலிருந்து எடுத்துக் கொண்டுபோய் அமர்த்திய குடும்பங்கள், தரைத்தளத்தோடு எட்டு அடுக்குக் கட்டடங்கள். என் தலைப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களின் பயண நேரம். கேள்வித்தாளில் இரண்டாவது கேள்வி, 'குடும்பத் தலைவர் யார்?' எல்லா சர்வேயிலும் இருக்கிற கேள்வி, வாயில் தானாக வரும். ஆறாவது மாடியில் ஓர் அம்மா, பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்: "ரேஷன் கார்டுலயா, வீட்லயா?"

இரண்டும் வேறா என்றேன்.

"மாசம் ஆயிரம் ரூவா வருதே, அதுக்கு நான் தலைவி. இந்த வீட்டு அலாட்மென்ட் பேப்பரு அவரு பேர்ல. கரென்ட் பில்லு பையன் கட்றான். சண்டைன்னு வந்தா மாமியார். நீ எதை எழுதப் போறே?"

மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பரில். ஒரு திட்டம் வந்ததும் யார் தலைவர் என்ற கேள்விக்கு விடை மாறிப்போகிறது, ஆனால் வீட்டுக்குள் மாறியதா என்பது வேறு சங்கதி. இதைப் படிக்க நான் எந்தப் புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டும்? ஆய்வு கைடிடம் சொன்னபோது, "கோடிங்குக்கு ஒரு விடைதான் வேணும்மா" என்றார், விடைகளை எண்ணாக்கிக் கணக்குப் போடுவதைச் சொல்கிறார். கேள்வியை நாலாக உடைத்துத் திரும்பப் போய்க் கேட்டேன். பயண நேரத்தைவிட அந்த அத்தியாயம் பெரிதாகிவிட்டது. வைவாவில் வெளித் தேர்வாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, பயண நேரத்துக்கு கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தேன்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும், ஆனால் சுற்றி வளைத்து. நான் இப்போது ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள ஆய்வாளர், ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். முன் வரிசையில் ஒருவர் குரூப் 2 தேறிவிட்டார். கன்னியாஸ்திரிகளில் ஒருவர் பள்ளி நடத்துகிறார்.

இந்தப் புகாரை எழுதப்போகிறேன் என்று ரூம்மேட்டிடம் போனில் சொன்னேன். அவள் இப்போது பிஎச்.டி. செய்கிறாள். முதல் செமஸ்டரையே ஊர் வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் யோசனை என்றதும் குறுக்கே வந்தாள். "எனக்கு அந்த காலேஜ்ல நிம்மதியா இருந்ததே முதல் செமஸ்டர்தான். துர்க்கைம் யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜெர்மனியில எந்தத் தெருன்னு யாரும் கேக்கல."

துர்க்கைம் பிரான்ஸ் என்றேன். சிரித்தாள். சரி, சொந்த ஊர் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான இடமாக வைப்போம், ஹாஸ்டல் மெஸ்ஸை வரையச் சொல்லலாம், யார் எந்த டேபிளில் உட்காருகிறார்கள் என்று மட்டும், என்றேன்.

"வரையச் சொல்லு. அதுலயும் உன் வாய்க்கால் வரும்" என்றாள். மீட்டிங் இருக்கிறது, ராத்திரி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.