இட்லிப் பூ வேலியும் எறும்பு வரிசையும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு காம்பவுண்டு ஓரம் இட்லிப் பூவும் செம்பருத்தியும்தான் வேலி. இட்லிப் பூவில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். சிமெண்டு, சுண்ணாம்பு கலந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது.

செம்பருத்தி வேறு கதை. கொழுந்து சுருண்டு, கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. கூடவே எறும்பு வரிசை போகும்; பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பே அதற்குக் காவல். அந்தக் கிளைகளை வெட்டிப் பையில் கட்டிவிடுவேன், தெருவில் போட்டால் அடுத்த வீட்டுக்குப் பரவும். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "பேசாம அரளி வையேன், தொல்லையே இல்ல" என்கிறார். ஆடு மேயும் தெருவில், இலை முதல் வேர் வரை விஷமான செடியா? வேண்டாம் அக்கா.