காலி பிக்கப் தூக்கிப் போடுவதைக் குறைத்தது: மண்பாதைக் குறிப்புகள்

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங் பட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளின் கட்டு. டொயோட்டா ஹைலக்ஸிலும் இதே அமைப்புதான். பாதை குண்டும் குழியுமான செம்மண், இடையிடையே ஜல்லி பெயர்ந்த மேடு. பின்பட்டை பாரம் சுமக்கவென்று செய்தது. பின்னாலுள்ள சரக்குத் தொட்டி காலியாக இருந்தால் அது சரியாக வளையாது, வண்டியைத் தூக்கிப் போடும். இதைச் சொன்னதும் பட்டறையில் முதலில் வரும் பதில் "ஒரு பட்டையைக் கழற்றிடலாம்" என்பது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதைச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே 30 கி.மீ. வேகம், ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலில் காற்று. டயர் ஆறியிருக்கும்போது 35 பிஎஸ்ஐ இருந்ததை, தொட்டி காலி என்பதால், 28க்கு இறக்கி, பிறகு 26 வரை போனோம். சில்லறை அதிர்வு அடங்கியதில் பெரும்பங்கு இதற்குத்தான், செலவும் கிடையாது. ஆனால் கூர்மையான கல் உள்ள இடத்தில் இதற்கும் கீழே போகக் கூடாது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டயரின் பக்கச்சுவர் நசுங்கி வெட்டுப்படும், அந்த வெட்டுக்குப் பஞ்சர் கடையில் வழியில்லை. தார் ரோட்டில் ஏறுமுன் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். கையில் காற்றளவு பார்க்கும் கேஜும் 12 வோல்ட் கம்ப்ரசரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அடுத்து ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. மோசமான பாதையில் 10 கி.மீ. ஓட்டி நிறுத்தி, நான்கின் உடலையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். முன்ஜோடியிலோ பின்ஜோடியிலோ ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது செத்துவிட்டது. எண்ணெய்க் கசிவு இல்லாத ஷாக்கும் செத்திருக்கலாம். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பலரும் கவனிக்காத இடம் பட்டைகளுக்கு நடுவிலுள்ள துரு. துருப்பிடித்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. சின்னக் குழியில் கட்டு முழுவதும் ஒரே இரும்புக் கட்டைபோல நின்று, அடியை நேராகச் சேசிஸுக்குக் கொடுக்கும். சேசிஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, அச்சைத் தொங்கவிட்டால் பட்டை நுனிகள் கொஞ்சம் விலகும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உலர்ந்த கிராஃபைட் ஸ்பிரே அடித்தோம். சாதாரண கிரீஸ் வேண்டாம். மண்பாதைத் தூசி அதில் ஒட்டி, உப்புத்தாள்போல பட்டையைத் தேய்க்கும். துரு நீக்கும் எண்ணெய் பட்டை நுனியிலுள்ள ரப்பர் புஷ்ஷில் படக் கூடாது, ரப்பர் ஊறிப்போகும்.

புஷ் மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே பட்டை நுனியைச் சேசிஸோடு இணைக்கும் சேக்கிளின் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுவார்கள். அந்த நிலையில் ரப்பர் பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும், ஸ்பிரிங் விறைக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. பாலியூரித்தேன் புஷ் நீடிக்கும், ஆனால் அதிர்வை உள்ளே கடத்தும். சொகுசுதான் நோக்கம் என்றால் ரப்பரே சரி.

இவ்வளவும் முடிந்தபின் 50 கிலோ மணல் மூட்டை இரண்டைப் பின்அச்சுக்குச் சற்று முன்னால் கட்டிவைத்தோம். துள்ளல் தெளிவாகக் குறைந்தது. அச்சுக்குப் பின்னால் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்புக் குறையும். கட்டாத மூட்டை பிரேக் போட்டால் கேபினை வந்து இடிக்கும்.

பட்டையைக் கழற்றும் தேவை இந்த வண்டிக்கு வரவில்லை. கழற்றியே தீர வேண்டுமென்றால், மெயின் பட்டையையும் அதற்கு அடுத்ததையும் தொடாமல், நடுவிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். சுமக்கும் திறன் குறைவதோடு பின்பக்கமும் தாழும். சில பிக்கப்களில் பின்அச்சோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. வண்டி தாழ்ந்தால், பாரம் ஏறிவிட்டது என்று அது பின்பிரேக்கைக் கூட்டும். மழையில் காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும். அதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக உட்காராவிட்டால் அச்சு நகர்ந்து வண்டி ஒருபக்கமாகவே ஓடும். பட்டைக் கட்டை அச்சோடு பிடிக்கும் பழைய யூ போல்ட் நீண்டிருக்கும், புதிதாகப் போட்டு நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக முறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் இன்னொருமுறை முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும்.