மின்வெட்டில் சிக்கிய நடுகல் படங்கள்

சென்ற மே மாதம் தருமபுரியில் இடியோடு கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், மின்சாரம் போய், வந்து, உடனே மறுபடியும் போனது. யுபிஎஸ் பேட்டரி பழையது. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அரூர், பென்னாகரம் பக்கங்களில் ஆறு ஆண்டுகளாக நான் எடுத்த நடுகல் படங்கள் அப்போது ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்தக் கற்களில் சில, வேடியப்பன் என்ற நாட்டுப்புறத் தெய்வமாக வழிபடப்படுபவை. நான் படமெடுத்த பிறகு அவற்றின் மீது பெயின்ட் பூசிவிட்டதால், வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து வரிகள் தெளிவாகத் தெரிவது என் படங்களில் மட்டுமே. கணினியை மீண்டும் இயக்கியபோது, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் திறக்காமல், ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினேன். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையையும் ஏற்கவில்லை. அது பழுதான அதே டிஸ்க்கின் மீதே எழுதித் திருத்துகிறது. கோப்புப் பட்டியலைச் சீராக்கும் வேகத்தில், பொருந்தாத பதிவுகளை நீக்கிவிடவும் கூடும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு மின் இணைப்பில் ஒருமுறை சுழலவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். டக் டக் என்று தட்டும் ஓசை வந்திருந்தால், அது பெரும்பாலும், தட்டிலிருந்து தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட்டின் பழுது. அப்போதே அணைத்துவிட்டு, தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எனக்குச் சீரான சுழற்சியே கேட்டது. மின்சாரம் திடீரென நின்றாலும், நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு தன் வேகத்தைக் கொண்டே சிறிது மின்சாரம் உண்டாக்கி, ஹெட்டைப் பாதுகாப்பான ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு துண்டான செக்டார் பாதி எழுதப்பட்டு நின்றால், அதற்கும் கோப்புப் பட்டியலுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

முதலில் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன். பிறகு லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாக லினக்ஸை இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் புதிய டிஸ்க் ஒன்றில் அப்படியே நகலெடுத்தேன். நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்குவதால், டிஸ்க் நடுவில் உயிரை விட்டாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். எதுவரை படித்தோம் என்பதை அது தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே வருகிறது. அன்றிரவும் மின்சாரம் நெடுநேரம் போனது. காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன். பத்தொன்பது மணி நேரம் ஆயிற்று.

அதன் பின் எல்லா வேலையும் நகலில்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் பெரும்பாலான ஃபோல்டர்களைப் பெயரோடு காட்டியது. மிச்சத்தை ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள் தேடித் தந்தது. அது ஜேபெக் படக் கோப்பின் தொடக்க பைட்டுகளை அடையாளம் கண்டு எடுப்பதால் பழைய பெயர்கள் திரும்பவில்லை. படத்துக்குள்ளேயே பதிந்திருந்த தேதியை என் பயணக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, ஊர் ஊராகப் பிரிக்க இரண்டு வாரம் பிடித்தது. இப்போது ஒரு நகல் கிருஷ்ணகிரியில் என் தம்பி வீட்டில் இருக்கிறது.

ஒரு படம் மட்டும் பாதியிலேயே சாம்பல் நிறமாக நின்றுவிட்டது. பெயின்ட் பூசப்பட்ட கற்களில் ஒன்றின் படம் அது. மேலே மூன்று வரி எழுத்தும், வில்லை நாணேற்றிய வீரனின் தோளும் தெரிகின்றன. அதற்குக் கீழே எதுவும் இல்லை. அந்த மூன்று வரிகளைக் காகிதத்தில் படியெடுத்து வைத்திருக்கிறேன்.